கோட்டைக்குள் உட்கார்ந்தால் போதுமா?

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் பள்ளிச் செஸ் போட்டி எதற்குப் போனாலும் கூடத்துக்கு வெளியே ஒரே அறிவுரைதான் காதில் விழுகிறது. "ரிஸ்க் எடுக்காதே கண்ணு, சீக்கிரம் காஸ்லிங் பண்ணிட்டு அமைதியா ஆடு." கறுப்புக் காய்களோடு சிசிலியன், மெரான் போன்ற ஆபத்தான தற்காப்பு ஆடித் தோற்று வரும் பிள்ளைக்கு அந்த ஓப்பனிங்கே அதோடு தடை. இதில் எனக்கு உடன்பாடில்லை. ஆபத்தான தற்காப்பு ஆடியதால் அந்தப் பிள்ளை தோற்கவில்லை. எதிரியின் தாக்குதல் எங்கே முடியும், அதற்குப் பிறகு தன் காய்கள் எங்கே பாய வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து காட்டித்தராததால்தான் தோற்றது.

ஆனந்தே இந்த அடியை வாங்கியவர். 1995 செப்டம்பர், நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107வது மாடி, உலகப் பட்டத்துக்கான பந்தயம், எதிரே காஸ்பரோவ். முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். பத்தாவதில் கறுப்புக்கு அவர் எடுத்தது ஓபன் ஸ்பானிஷ். ஐந்தாவது நகர்த்தலிலேயே குதிரை இ4 சிப்பாயை வெட்டும். ராஜா நெடுநேரம் நடுவிலேயே நிற்கும். காஸ்பரோவ் 14வது நகர்த்தலில் பிஷப்பை சி2க்கு இழுத்து, வீட்டில் தயாரித்து வந்த புயலைத் திறந்துவிட்டார். ஒரு யானையையே தூக்கிக் கொடுத்தார். ஆனந்தின் ராணி ஏ1 மூலைக்குப் போய் அதை எடுத்தது. கறுப்பு ராஜா அந்த நேரம் துணையில்லாமல் நின்றது. 38 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. அந்தப் பந்தயம் பத்தரைக்கு ஏழரை என்று காஸ்பரோவ் பக்கம் போனது.

காஸ்லிங் செய்து ராஜாவை மறைப்பது கோட்டைக்குள் உட்கார்வது மாதிரிதான். அதனால் நம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் அதை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர் மராட்டிய மன்னர் சத்ரபதி ராஜாராம். மூன்று மலைகளும் மதில்களும் இருந்தன. ஆனால் 1692 இறுதியில் முற்றுகையைக் குலைத்தவை மதில்கள் அல்ல. வெளியிலிருந்து வந்த மராட்டியத் தளபதிகள் சந்தாஜி, தனாஜியின் குதிரைப்படைகள். முற்றுகையிட்டவர்களுக்கே உணவு வரத்து அறுந்தது. 1693 ஜனவரியில் சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். கோட்டை கடைசியில் விழுந்தது 1698இல்தான். அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

நியூயார்க்குக்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து, 2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் ஆனந்த் செய்ததும் இப்படி எதிர்த்துத் தாக்கியதுதான். எதிரே கிராம்னிக், மூன்றாவது ஆட்டம், மறுபடியும் கறுப்பு. 1924இல் மெரான் நகரில் நடந்த போட்டியால் பெயர்பெற்ற அந்த மெரான் தற்காப்பையே எடுத்தார். வெள்ளை, குதிரையை பி5இல் வெட்டக் கொடுத்து, இ சிப்பாயால் எஃப்6 குதிரையை எடுக்கும் மிகக் கூர்மையான வழி அது. கறுப்புக்குக் காஸ்லிங் செய்ய நேரமே இல்லை. 14வது நகர்த்தலில் பி5 சிப்பாய் போனால் போகட்டும் என்று ஆனந்த் பிஷப்பை பி7இல் வைத்தார். அவரும் அவருடைய உதவியாளர்களும் தயாரித்து வைத்திருந்த புது நகர்த்தல் அது. பிறகு யானை ஜி8க்கு வந்தது. பிஷப் மூலைவிட்டத்தில், யானை நேர்வரிசையில், இரண்டுக்கும் குறி வெள்ளை ராஜாவின் வாசலான ஜி2. கிராம்னிக் 41 நகர்த்தல்களில் தோற்றார். ஐந்தாவது ஆட்டத்திலும் அதே வழியில் வந்தார். அப்போதும் அதே பிஷப், அதே யானை. இந்த முறை 34வது நகர்த்தலில் ஆனந்தின் குதிரை இ3இல் வந்து இறங்கியது, அடுத்த நகர்த்தலோடு சரணடைந்தார். உலகப் பட்டத்துக்கான ஆட்டத்தில், கறுப்பு வைத்து, ஒரே ஆபத்தான ஓப்பனிங்கில் இரண்டு வெற்றி. செஸ்ஸில் தமிழ்நாடு பார்த்த ஆகப்பெரிய துணிச்சலாக இதைத்தான் சொல்வேன்.

நியூயார்க்கிலும் பானிலும் ராஜா நடுவில்தான் நின்றது, ஆபத்தும் ஒன்றேதான். ஆனால் பானில் கறுப்பின் காய்கள் எதிரி ராஜாவின் பக்கம் திரும்பியிருந்தன. புயல் எங்கிருந்து வரும் என்று இம்முறை ஆனந்துக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

அதனால் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் செஸ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மெரானில் தோற்று வரும் பிள்ளையிடமிருந்து மெரானைப் பிடுங்காதீர்கள். பலகையைத் திருப்பி வைத்து, ஒரு வாரம் வெள்ளைப் பக்கமிருந்து அதே தாக்குதலை அந்தப் பிள்ளையையே ஆட வையுங்கள். பிறகு பான் நகரின் அந்த இரண்டு ஆட்டங்களையும் பக்கத்தில் உட்கார்ந்து நகர்த்திக் காட்டுங்கள். அடுத்த போட்டிக்கு அதே ஓப்பனிங்கோடு அனுப்புங்கள்.