பாட்டி பாடிய தாலாட்டு

நம்மிடம் முன்னர் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர் சென்ற வாரம் வாடிய முகத்தோடு நம் இல்லம் வந்தார். கணினியில் இசை அமைப்பதையே தொழிலாகக் கொண்டவர் அவர். தம் பாட்டியார் பாடிய தாலாட்டுப் பாடல்கள் ஆறினை ஈராண்டுகளுக்கு முன் ஒலிப்பதிவு செய்து, வீணை, குழல் ஒலிகளைச் சேர்த்து ஒழுங்கு செய்து வந்தார். பாட்டியார் அண்மையிற் காலமானார். அந்தியேட்டியன்று உறவினருக்கு அப்பாடல்களைக் கேட்பிக்க எண்ணிக் கணினியை இயக்கியபோது, வன்தட்டு "டக், டக்" என்று ஒலித்து ஓய்ந்துவிட்டது.

"பிரதி எடுத்து வைக்கவில்லையா, தம்பி?" என்று வினவினோம்.

"வைத்தேன், சேர். அதைத் திறந்தும் பார்த்தேன். பாட்டுகளின் பெயரெல்லாம் இருக்கின்றன, குரல்தான் இல்லை" என்றார்.

இதன் காரணத்தை இசை பயிலும் மாணவர் யாவரும் அறிந்திருத்தல் நன்று. இசை மென்பொருளில் நாம் சேமிக்கும் கோப்பு பாட்டு அன்று. பாட்டைப் பற்றிய குறிப்பு மாத்திரமே. எந்த ஒலி எந்தச் செக்கனில், எவ்வளவு உரத்து ஒலிக்க வேண்டும் என்ற கட்டளைகளே அதனுள் உள்ளன. பாடியவரின் குரலோ வேறொரு கோப்புறையில் தனி ஒலிக்கோப்பாகக் கிடக்கின்றது. சமையற் குறிப்பைப் பெட்டியிற் பூட்டி வைத்துவிட்டு, அரிசியை மழையில் விட்டவர் கதையாயிற்று நம் மாணவர் கதை. ஏபிள்டன் லைவ் முதலிய மென்பொருள்களில், சிதறிக் கிடக்கும் ஒலிகளை ஒரே கோப்புறையிற் சேர்த்துச் சேமிக்கும் கட்டளை உண்டு. பிரதி எடுக்குமுன் அதனைப் பயன்படுத்துதல் வேண்டும்.

நிற்க. இசைக் கணினியில் எதனை எங்கே வைப்பது? மூன்று தட்டுகளாகப் பிரித்து வைப்பது பலரும் கைக்கொள்ளும் முறை. இயங்குதளமும் மென்பொருள்களும் ஒன்றில். விலைக்கு வாங்கிய வாத்திய ஒலித்தொகுப்புகள் ஒன்றில். நாமே பதிவு செய்தவை ஒன்றில். சுழலும் வன்தட்டில் ஒலியைத் தேடும் கரங்கள் யாவும் ஒன்றாகவே நகர்வன. பல இடங்களிலிருந்து ஒரே வேளையில் ஒலி எடுக்க முயன்றால் இசை தடைப்படும். இன்றைய எஸ்.எஸ்.டி. தட்டுகளில் இத்தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும் பிரித்து வைப்பதில் இன்னொரு பயன் உண்டு. முதலிரு தட்டுகளும் அழிந்தால் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். மூன்றாவதை எக்கடையிலும் வாங்க முடியாது. ஆகவே, அன்றாடம் காக்க வேண்டியது எது என்பது ஐயமின்றித் தெளிவாகும்.

அதன் அளவும் அஞ்சத்தக்கதன்று. செக்கனுக்கு 48,000 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு 24 பிட்டு என்ற அளவில், ஒரு தடம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 மெகாபைட்டுப் பிடிக்கும். பதினாறு தடங்களில் ஒரு மணி நேரம் பதிந்தாலும் எட்டரை ஜிகாபைட்டுக்கு மேற்போகாது. கைக்கடக்கமான வெளித்தட்டு ஒன்று எத்தனையோ பாடல்களைத் தாங்கும்.

பிரதிகள் எத்தனை வேண்டும்? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீற்றர் குரோக் சொல்லிப் பரவிய விதி ஒன்றுண்டு: மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள், அவை இரு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். ஒரே கணினியில் இரு தட்டுகளை இணைத்து, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதச் செய்வதைப் பிரதி என்று மயங்குவோர் உளர். ஒன்றிலே தவறுதலாக அழித்தது மற்றதிலும் அக்கணமே அழிந்துபோகும்.

வேறோர் இடம் எதற்கு? 2008 யூன் 1ஆந் தேதி ஹொலிவூட்டில் யூனிவேர்சல் படப்பிடிப்புத் தளத்தில் மூண்ட தீயில் இசைத்தட்டுகளின் மூல ஒலிநாடாக்களும் எரிந்தன. நம்மவருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பிறவிடங்களிற் பிரதியுள்ள நூல்களைப் பின்னர் தேடிச் சேர்க்க முடிந்தது. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் போனவை போனவையே.

நம் மாணவரின் தட்டு இப்பொழுது கொழும்பில் மீட்புப் பணியாளர் ஒருவரிடம் இருக்கின்றது. "டக், டக்" ஒலி கேட்டவுடன் மின்சாரத்தை நிறுத்தாது, பலமுறை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தமையாற் சேதம் மிகுந்திருக்கலாம் என்று அவர் சொன்னாராம். விடை இன்னும் வரவில்லை.

ஆயினும் ஒரு பாடல் பிழைத்தது. பதிவு செய்த அன்றிரவே, தொரொன்ரோவிலுள்ள சின்னம்மாவுக்குத் தொலைபேசி வழியே அதனை அனுப்பியிருந்தார். வீணையில்லை, குழலில்லை, சுருக்கப்பட்ட ஒலி. இருந்தும் பாட்டியின் குரல் அது. பாசத்தால் தற்செயலாய் நிகழ்ந்த இக்காரியத்தை, ஏனைய ஐந்து பாடல்களுக்கும் திட்டமிட்டுச் செய்திருந்தால் அவர் நம்மிடம் வாடி வந்திருக்கமாட்டார்.

இன்று ஞாயிறு; ஓய்வு நாள். நும் வீட்டில் முதியோர் குரல் எதுவும் கணினியில் இருக்குமாயின், அதன் பிரதியை இன்னொரு கணினியில் திறந்து, முழுவதும் ஒலிக்கின்றதா என்று காதாரக் கேட்டுப் பாருங்கள்.