மலையேறும் சைக்கிளுக்குக் கிலோமீட்டர் கல் மட்டும் போதுமா?

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 35 கி.மீ. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறக்குறைய 33 கி.மீ. இரண்டும் ஒரே நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து வரும் பகுதிகள். ஓரத்தில் நிற்கும் கற்களும் ஒரே மாதிரியானவைதாம். முதல் பகுதியை உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் சாதாரண சைக்கிளில் இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். 'இன்னும் 33 கி.மீ. தானே' என்று அதே கணக்கில் இரண்டாம் பகுதியில் இறங்கினால் (ஏறினால் என்பதே சரி) பகல் பொழுதில் பெரும்பகுதி போய்விடும். கல் பொய் சொல்லவில்லை. ஆனால் சைக்கிளில் வருபவருக்கு மிகவும் வேண்டிய செய்தியை அது சொல்லவே இல்லை.

விடுமுறையில் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து நீலகிரிக்குச் சைக்கிளில் போகலாம் என்று திட்டம் போடுவதுண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் திட்டம் போடும்போது எல்லோரும் தூரத்தையே கூட்டுகிறார்கள். உயரத்தை யாரும் கூட்டுவதில்லை. மலைவழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது உயரத்தையும் சரிவையும் கொண்டுதான், தூரத்தைக் கொண்டு அல்ல என்பது என் கருத்து. அந்த விவரங்கள் சாலை ஓரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்வேன். ஏன் என்பதை உங்கள் பாடப் புத்தகத்துக் கணக்கைக் கொண்டே பார்ப்போம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ரயில் நிலையம் இருப்பதோ சுமார் 1,710 மீட்டரில். ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,400 மீட்டர். நீங்கள் 55 கிலோ, சைக்கிள் 18 கிலோ, பை 2 கிலோ. ஆக 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பொருண்மையை மேலே தூக்கத் தேவையான ஆற்றல், புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், 75 × 10 × 1,400 = 10,50,000 ஜூல். சமதளத்தில் நிதானமான வேகத்தில் செல்லும்போது காற்றும் டயர் உருளலும் சேர்ந்து நம்மைப் பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 12 நியூட்டன்தான். 10,50,000-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள். 87,500 மீட்டர் வருகிறது. அதாவது, குன்னூருக்கு ஏறுவதில் உயரத்துக்காக மட்டும் நீங்கள் செலவிடும் ஆற்றல், சமதளத்தில் 87 கி.மீ. மிதிப்பதற்குச் சமம். சாலையின் 33 கி.மீ. இதில் சேரவில்லை!

ஆரோக்கியமான இளைஞர் ஒருவர் மணிக்கணக்கில் தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறன் சுமார் 100 வாட். அப்படியானால் இந்த உயரத்தைத் தாண்ட மட்டும் 10,500 வினாடி, அதாவது ஓய்வே எடுக்காமல் ஏறத்தாழ மூன்று மணி நேரம் வேண்டும். உடல் தான் எரிக்கும் உணவில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1,000 கலோரி. இட்லியில் சொன்னால் இருபது! பையில் எதை வைப்பது என்பதும் உயரத்தைப் பொறுத்ததே என்பது இப்போது புரிந்திருக்கும்.

அடுத்து சரிவு. கல்லாறு வரை சாலை பெரும்பாலும் சமமாகவே போகிறது. அதற்குப் பிறகு மீதியுள்ள 26 கி.மீ. அளவில்தான் ஏற்றம் முழுவதும் இருக்கிறது. சராசரியாக 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏற்றம். இந்தச் சரிவில் சைக்கிளைப் பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 44 நியூட்டன். 100 வாட் திறனோடு மிதித்தால் மணிக்கு 8 கி.மீ. வேகம்தான் கிடைக்கும்.

இனி உங்கள் சைக்கிளின் பற்சக்கரங்களைப் பாருங்கள். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளாகட்டும், வீட்டில் அப்பா ஓட்டும் சைக்கிளாகட்டும், இரண்டிலும் கியர் கிடையாது. முன்சக்கரத்தில் 44 பல், பின்னால் பிரீவீலில் 18 பல் என்று கொள்வோம். (நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், வண்டிக்கு வண்டி மாறும்.) பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் 5.4 மீட்டர் நகரும். உங்கள் கால் நகர்வதோ 1.07 மீட்டர். தூரத்தில் ஐந்து மடங்கு லாபம். ஆகவே விசையில் ஐந்து மடங்கு நஷ்டம். நெம்புகோல் பாடத்தில் படித்த அதே விதிதான். சாலையில் 44 நியூட்டன் வேண்டுமானால் காலில் சராசரி 220 நியூட்டன், அதாவது 22 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். பெடல் கீழே இறங்கும் நேரத்தில்தான் கால் நன்றாக அழுத்த முடியும் என்பதால், உச்ச அழுத்தம் இதைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகிறது. 55 கிலோ எடையுள்ளவர் தம் எடையில் பெரும்பங்கை ஒவ்வொரு மிதியிலும் பெடல் மேல் போட வேண்டும். சரிவு 10 மீட்டராக உயர்ந்தால் முழு எடையைப் போட்டாலும் போதாது. எழுந்து நின்று, கைப்பிடியைப் பிடித்து இழுத்தபடி மிதிக்க வேண்டும், அல்லது இறங்கித் தள்ள வேண்டும். தள்ளுவதில் வெட்கம் எதுவும் இல்லை. அது இயற்பியலின் கட்டளை. பின்னால் 22 பல் உள்ள பிரீவீலை மாட்டிக்கொண்டால் 22 கிலோ 18 கிலோவாகக் குறையும். முன்னும் பின்னும் சம பற்கள் அமையும் கியர் சைக்கிளில் 9 கிலோ போதும்.

ஏற்றத்தில் தவறான கணக்கு களைப்போடு போய்விடும். இறக்கத்தில் அப்படி இல்லை. ஏறும்போது சேமித்த அந்த 10,50,000 ஜூலும் கீழே வருவதற்குள் எங்காவது போயாக வேண்டும். காற்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மெதுவாக இறங்கினால் மீதி முழுவதும் பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் வெப்பமாகும். மொத்த ஆற்றல் மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது! சிறிய ரப்பர்க் கட்டைகள் எவ்வளவு தாங்கும்? மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பரின் பிடிப்பு பெரிதும் குறைந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மோட்டார் வண்டிகளே பிரேக் தாங்காமல் விபத்துக்குள்ளான சாலை அது. தூரம் குறைவு என்று வரைபடத்தைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுக்கும் சைக்கிள் குழுவைத் தடுத்து நிறுத்த, வளைவின் எண்ணைச் சொல்லும் பலகை மட்டும் போதாது.

சரிவை எழுதி வைப்பது புதுமை அல்ல. பிரான்சில் ஆல்ப்ஸ் மலைக் கணவாய்ச் சாலைகள் பலவற்றில் சைக்கிள்காரர்களுக்கென்றே கிலோமீட்டர் கற்கள் உண்டு. உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம், இப்போது எந்த உயரம், அடுத்த ஒரு கி.மீ. சராசரியாக எவ்வளவு சரிவு என்ற மூன்றும் அதில் இருக்கும். அவ்வளவு தூரம் போவானேன்? நம் மலை ரயிலையே பாருங்கள். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் உதகை வரையும் ஓடத் தொடங்கிய ரயில் அது. மிகச் செங்குத்தான இடத்தில் 12.28 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது. அதற்காகத் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். நிலையப் பெயர்ப் பலகைகளில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதப்பட்டிருக்கிறது. நீராவியின் பலத்தில் ஏறுபவருக்கு உயரத்தைச் சொல்கிறோம். சொந்தக் காலின் பலத்தில் ஏறுபவருக்குச் சொல்வதில்லை.

சைக்கிள் குழுக்களில் சிலர் வேறொரு யோசனையும் சொல்கிறார்கள். பேருந்தும் லாரியும் நெருக்கும் சாலை எதற்கு? காட்டுக்குள் சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்டால் என்ன? சைக்கிள் புகை விடாது, சத்தம் போடாது, அதனால் காட்டுக்கு என்ன கெடுதல் என்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சத்தம் போடாததுதான் இங்கே ஆபத்து. லாரி வருவது யானைக்கு வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். வளைவைத் திரும்பும் சைக்கிள் இருபதடி தூரத்தில் திடீரென்று முளைக்கும். மிரண்ட யானைக்கும் உங்களுக்கும் அப்போது எவ்வளவு வேக வித்தியாசம்? 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், தாய்லாந்தில் ஆசிய யானைகளின் வேகத்தை அளந்தபோது வினாடிக்கு 6.8 மீட்டர் வரை வந்தது. அதாவது மணிக்கு 24 கி.மீ.க்கும் மேல். ஏற்றத்தில் உங்கள் வேகம் 8 கி.மீ. என்று மேலே கண்டோம்.

யானைகள் கடக்கும் இடம் கல்லாற்றுப் பகுதியிலேயே உண்டு. மலையின் மறுபக்கத்தில் முதுமலை 2007 முதல் புலிகள் காப்பகம். அதை ஒட்டிய பந்திப்பூர்ச் சாலையில் 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. அந்தக் காடுகள் வழியே சைக்கிள் பயணம் வேண்டாம். காரமடையிலிருந்து கெத்தை வழியாக மஞ்சூருக்கு ஏறும் சாலையும் அழகானதுதான். ஆனால் 43 வளைவுகள், நெடுந்தூரம் காடு, யானை நடமாட்டம். பழக்கமில்லாத மாணவர் குழுவுக்கு ஏற்றதல்ல. குன்னூர்ச் சாலையும் கோத்தகிரிச் சாலையும், மேலே கோத்தகிரி, குன்னூர், உதகையை இணைக்கும் சாலைகளுமே போதும். ஏற்றம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கோத்தகிரி வழியில் வண்டி நெரிசல் குறைவு என்பதால் என் ஓட்டு அதற்கே. வெயில் நன்றாக ஏறிய பிறகே அடிவாரத்துக் காட்டைத் தாண்டுங்கள். பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் இருங்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இந்தக் கிழக்குச் சரிவுகளைத்தான் தாக்கும். 2009 நவம்பரில் இங்கே ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம்.

பலகைகள் வைப்பது நெடுஞ்சாலைத் துறையின் வேலை. அளவெடுக்கும் வேலையை மேட்டுப்பாளையத்திலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் உள்ள பள்ளிகளின் அறிவியல் மன்றங்கள் ஆசிரியர் துணையோடு செய்துவிடலாம். ஒரு மீட்டர் நீளச் சட்டம், அதன் மேல் கொத்தனாரின் ரசமட்டம், ஓர் அளவுகோல். சாலையின் போக்கில் சட்டத்தின் மேல்முனையைத் தரையில் வைத்து மட்டமாகப் பிடித்து, மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் சரிவு கிடைத்துவிடும், 5 செ.மீ. இடைவெளி என்றால் நூற்றுக்கு ஐந்து. ஒவ்வொரு கி.மீ. கல்லுக்கும் இடையில் பத்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். செல்பேசி காட்டும் உயரத்தோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். வளைவுகளில் நின்று அளக்க வேண்டாம். நேரான பகுதிகளில், சாலையை விட்டு விலகி ஓரத்திலேயே அளங்கள், ஒருவர் சிவப்புத் துணியோடு காவல் நிற்கட்டும். கிடைக்கும் அட்டவணையை முதலில் உங்கள் பள்ளிச் சுவரிலேயே ஒட்டுங்கள். ஒரு படியைக் கோட்டப் பொறியாளருக்கு அனுப்புங்கள்.