ஆல்ப்ஸுக்கு முன் ஒரு முறை நீலகிரி ரயில்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, படிவம் மூன்று வகுப்பில் வெப்பக் கதிர்வீச்சைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வெளியே வழக்கமான ரிங்லெட் மூடுபனி. திடீரென்று ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், ஆல்ப்ஸ் மலையில பனிக்குள்ள ரயில் போகுதே, அதுல போக எவ்வளவு காசு ஆகும்?” என்று கேட்டாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “முதல்ல தாப்பா போக பஸ் காசு இருக்கா?” வகுப்பே சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மாணவியின் தாயார் தேயிலை ஆலையில் வேலை செய்கிறார். தந்தை காய்கறி லோரி ஓட்டுகிறார். நம் மலையில் பெரும்பாலான குடும்பங்கள் இப்படித்தான். சிரித்த பையனின் குடும்பமும் அதேதான். “அதெல்லாம் பணக்காரர்களுக்கு” என்று நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிறோம். அன்று மணி அடித்துவிட்டதால் அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில்.

மாணவர்களே, என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலை ரயில் பயணம் பணக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. ஆனால் கணக்குப் போடாமல் கிளம்புகிறவர்களுக்கு அது மிகவும் விலை உயர்ந்த பயணமாகிவிடும். அந்தக் கணக்கில் பாதிக்கு மேல் நீங்கள் பள்ளியில் படிக்கும் அறிவியல்தான். அதைப் பழகிக்கொள்ள ஆல்ப்ஸுக்கு முன்னால் போகவேண்டிய இடம் தமிழ்நாட்டின் நீலகிரி. காரணங்களைக் கேளுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை ஓடும் நீலகிரி மலை ரயில் பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் திறக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 2,203 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. வழியில் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

இப்போது ஆல்ப்ஸைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற பெர்னினா ரயில் பாதை தன் உச்சியில் 2,253 மீட்டரைத் தொடுகிறது. உதகை நிலையத்தைவிட 50 மீட்டர்தான் அதிகம்! இரண்டுமே தண்டவாளங்களுக்கிடையே 1 மீட்டர் அகலம் கொண்ட பாதைகள். பெர்னினாவையும் அதனுடன் இணைந்த ஆல்புலா பாதையையும் யுனெஸ்கோ 2008-இல்தான் பட்டியலில் சேர்த்தது. நம் நீலகிரி ரயில் அதற்கு மூன்று ஆண்டு மூத்தது.

உறவு இதோடு முடியவில்லை. 1871-இல் சுவிட்சர்லாந்தின் ரிகி மலையில் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயிலை அமைத்தவர் நிக்லாஸ் ரிக்கன்பாக். அவரே 1880-களில் நீலகிரிக்கும் ஒரு திட்டம் தந்தார். கடைசியில் அங்கே அமைந்தது ரோமன் ஆப்ட் என்ற மற்றொரு சுவிஸ் பொறியாளரின் முறை. தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரண்டு இரும்புப் பட்டைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி இருக்கும். அதனால் எஞ்சினின் பல்சக்கரத்துக்கு எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லில் பிடி கிடைத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பாதையில் ஓடிய நீராவி எஞ்சின்கள் பலவும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. ஆகவே நீலகிரி ரயிலில் ஏறும்போது ஆல்ப்ஸின் பொறியியலில்தான் ஏறுகிறீர்கள்.

பல்சக்கரம் ஏன் தேவை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாதை அதிகபட்சம் 12-க்கு 1 என்று ஏறுகிறது. அதாவது 12 மீட்டர் நகர்ந்தால் 1 மீட்டர் உயரம். எஞ்சினின் எடை 50 டன், பெட்டிகளோடு சேர்த்து மொத்தம் 130 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரிவில் ரயிலைப் பின்னோக்கி இழுக்கும் விசை 130-இல் 12-இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 10.8 டன். ஈரமான தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்தின் உராய்வுக் கெழு 0.2 என்றால் எஞ்சினுக்குக் கிடைக்கும் பிடி 50-ஐ 0.2-ஆல் பெருக்கினால் வருவது: 10 டன். பிடியைவிட இழுப்பு அதிகம். சக்கரம் சும்மா சுழலும், ரயில் ஏறாது. பல்சக்கரம் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. மேலே ஏறும்போது எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளுவதையும் கவனியுங்கள். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டோட வழியில்லை.

பெர்னினா ரயில் 7 விழுக்காடு சரிவைப் பல்சக்கரமே இல்லாமல் ஏறுகிறது. எப்படி? அங்கே மின் மோட்டார்கள் பயணிகள் அமரும் பெட்டிகளுக்கு அடியிலும் இருக்கின்றன. பயணிகளின் எடையும் பிடியாக மாறுகிறது. சரிவும் சற்றுக் குறைவு. ஒரே சிக்கலுக்கு இரண்டு விடைகள்.

சரி, ஏறத்தாழ ஒரே உயரம். பிறகு ஏன் அங்கே மலை முழுவதும் வெண்பனி, இங்கே பச்சை? விடை அகலாங்கில் இருக்கிறது. டிசம்பர் 21-ஆம் நாள் நண்பகலில் உதகையில் சூரியன் அடிவானத்திலிருந்து 55 பாகை உயரத்தில் நிற்கும். பெர்னினாவில் ஏறத்தாழ 20 பாகைதான். அதே கதிர் அங்கே சாய்ந்து விழுந்து ஏறக்குறைய 2.4 மடங்கு பரப்பில் பரவுகிறது. போதாததற்குப் பகல் பொழுதே எட்டரை மணி நேரம். நம் கேமரன் மலையில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம். இது பாடநூலுக்கு மட்டுமான செய்தி என்று நினைக்காதீர்கள். ஆல்ப்ஸுக்கு டிசம்பரில் காசு செலவழித்துப் போய் மாலை ஐந்தரை மணி ரயிலில் ஏறினால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நவம்பரில் நானும் என் தங்கையும் நீலகிரிக்குப் போனோம். மேட்டுப்பாளையம் நிலையத்தில் அறிவிப்பு: மழையால் மண்சரிவு, ரயில் ரத்து. வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கு மழை கொண்டுவரும் என்பதை ஆண்டுதோறும் வகுப்பில் வரைபடம் போட்டு விளக்குகிறவள் நான். என் சொந்தப் பயணத்துக்கு அதே வரைபடத்தை நான் பார்க்கவில்லை. பேருந்தில் ஏறி, மூடிய கண்ணாடிக்குள் மழையைப் பார்த்துக்கொண்டே உதகை போய்ச் சேர்ந்தோம். ஓராண்டு சேர்த்த பணம். பிழை யாருடையது? ரயில்வேயுடையது அன்று, மழையுடையதும் அன்று. என்னுடையது.

அடுத்த முறை சீனப் புத்தாண்டு விடுமுறையில், பிப்ரவரியில் போனோம். பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருந்தது. குளிரும் மிச்சமிருந்தது. அப்போது நாங்கள் போட்ட திட்டம் இதுதான்.

முதல் நாள் கோலாலம்பூரிலிருந்து காலை விமானத்தில் சென்னை. இந்திய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே போகும்போது பொழுது மிச்சம். அன்றிரவு சென்னை சென்ட்ரலிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் படுக்கை. இரண்டாம் நாள் விடியும்போது மேட்டுப்பாளையம். அங்கேயே காலை ஏழு மணியளவில் மலை ரயில் புறப்படுகிறது, நண்பகலில் உதகை. மூன்றாம் நாள் முழுவதும் மலையில். நான்காம் நாள் பிற்பகல் மலை ரயிலில் இறங்கி, இரவு மீண்டும் நீலகிரி எக்ஸ்பிரஸ். ஐந்தாம் நாள் சென்னையிலிருந்து வீடு. ஐந்து நாள் பயணத்தில் விடுதி வாடகை இரண்டு இரவுக்கு மட்டும். மற்ற இரண்டு இரவும் ரயிலே விடுதி. மலை ரயிலில் இடங்கள் குறைவு. அதனால் முன்பதிவு திறக்கும் நாளிலேயே பதிவு செய்துவிட்டோம்.

ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. நீங்கள் சைக்கிளில் இதைவிட வேகமாகப் போவீர்கள். அந்த மெதுவான வேகம்தான் எனக்குப் பிடித்தது. 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பதைத் தோலிலேயே உணரலாம். 1,877 மீட்டர் ஏற்றத்துக்கு ஏறக்குறைய 12 பாகை. கீழே பனியனோடு ஏறியவர்கள் குன்னூரில் சுவெட்டர் தேடுகிறார்கள். நமக்கு அந்தச் செலவும் இல்லை. கேமரன் மலைப் பிள்ளைகளிடம் சுவெட்டர் ஏற்கெனவே இருக்கிறது!

உதகையில் மறுநாள் விடியற்காலை பள்ளமான புல்வெளியில் உறைபனி பார்த்தேன். தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீசி இழக்கிறது. அதை ஒட்டியுள்ள காற்று குளிர்ந்து, அடர்த்தி மிகுந்து, பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. ரிங்லெட்டில் நம் மேகமும் மூடுபனியும் போர்வைபோல் அந்த வெப்பத்தைத் தடுத்து வைக்கின்றன. நம் ஊர் உயரமும் குறைவு. படிவம் மூன்று பாடத்தை நான் முழுமையாகப் புரிந்துகொண்டது அந்தப் புல்வெளியில்தான்.

“டீச்சர், பிள்ளைகள் ஆல்ப்ஸைக் கனவு கண்டால் நீங்கள் ஊட்டியைக் காட்டி அடக்குகிறீர்களே” என்று சக ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கனவை நான் குறைக்கச் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் எடுத்த எடுப்பிலேயே அடர் அமிலத்தை உங்கள் கையில் கொடுக்கிறோமா? முதலில் சிறிய சோதனை. பிழை வந்தாலும் இழப்பு சிறிதாக இருக்கவேண்டும். நவம்பரில் நான் செய்த பிழையை ஆல்ப்ஸில் செய்திருந்தால் அந்தக் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருப்பேன்.

நீங்கள் வேலைக்குப் போய் ஒரு நாள் ஆல்ப்ஸுக்குக் கிளம்பும்போது அதே கணக்குகள்தான் வரும். அலங்காரமான பெர்னினா எக்ஸ்பிரஸில் ஏற, பயணச்சீட்டோடு இருக்கைக்குத் தனிக் கட்டணம் கட்டாயம். அதே தண்டவாளத்தில், அதே மலையைக் கடந்து, உள்ளூர் மக்கள் ஏறும் சாதாரண ரயிலும் ஓடுகிறது. அதற்கு அந்தக் கூடுதல் கட்டணம் இல்லை. மலையும் பனியும் இரண்டுக்கும் ஒன்றுதான். முன்கூட்டியே வாங்கினால் விலை குறையும் ஒரு நாள் பயணச்சீட்டும் அங்கே உண்டு. பகல் பொழுது குறைவு என்பதால் அழகான பகுதியை நண்பகலில் கடக்குமாறு ரயிலைத் தேர்ந்தெடுங்கள். நான்கு நாடுகளை ஏழு நாளில் ஓடிப் பார்ப்பதைவிட ஒரே பாதையை இரண்டு முறை கடப்பது மலிவு. கண்ணிலும் அதுதான் நிற்கும்.

இப்போது என் மாணவிக்கு. மகளே, நீ கேட்டது நல்ல கேள்வி. அதற்கு விடை ஒற்றை எண் இல்லை. எப்போது, எந்த ரயிலில், எத்தனை இரவு என்று நீ சொன்னால்தான் எண் வரும். வரும் திங்கட்கிழமை வெண்பலகையில் ஐந்து நாள் நீலகிரிப் பயணத்துக்கான அட்டவணையை வரையப்போகிறேன். நாள், ரயில், உயரம், வெப்பநிலை, ரிங்கிட் என்று ஐந்து கட்டங்கள். அவற்றை நீ நிரப்பவேண்டும். தாப்பா பஸ் காசைக் கேட்டவனை உனக்கு உதவியாளனாகப் போட்டிருக்கிறேன். முதல் வரியில் அவன் அந்த பஸ் காசை எழுதட்டும்.