குங்கிலியப் புகையும் காடர் உரிமையும்

மயிலை மாட வீதி நாட்டு மருந்துக் கடையில், பழைய செய்தித்தாளில் மடித்துத் தந்த கருங்குங்கிலியத்தைத் தணலில் தூவிப் பரிமளத்தை அனுபவிக்கும் நாம், அந்தப் பிசின் ஆனைமலை, கேரளத்து வாழச்சால் மழைக்காடுகளில் காடர் முதலிய பழங்குடியினரால் சேகரிக்கப்படும் பொருள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அக்காடுகளில், தண்டவாளக் கட்டைக்கும் தேயிலைக்கும் ஆங்கிலேயர் காலத்தில் பலியானவை போக எஞ்சிய விருட்சங்களின் பொந்துகளில், பெண் இருவாச்சி தன்னை உள்ளே அடைத்துக்கொண்டு, சிறு பிளவின் வழியே ஆண் பறவை ஊட்டும் பழத்தை உண்டு முட்டையைக் காக்கிறது. முன்பு இருவாச்சிக் குஞ்சுகளைக் கவர்ந்த காடர்களே இன்று வாழச்சாலில் அக்கூடுகளின் காவலர்கள். 163 மெகாவாட் அதிரப்பள்ளி அணைத்திட்டத்தையும் அவர்கள் திடமாக எதிர்த்தனர்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே அளிக்கிறது; அதன்படி வாழச்சாலின் ஒன்பது குடியிருப்புகள் 2014இல் சமூக வன உரிமை பெற்றன. தமிழகத்திலோ, 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் விதித்த கட்டுப்பாட்டை 2016இல் உச்சநீதிமன்றம் நீக்கும்வரை பட்டா வழங்கல் முடங்கிக் கிடந்தது. (தாமதம் நமக்குப் பழகிய வியாதி!) கள்ள மரவெட்டியின் கோடரி ஓசையை முதலில் கேட்கக்கூடியவன் காட்டுவாசியே; அவனை ஆக்கிரமிப்பாளன் என்று விரட்டிவிட்டு, சோதனைச் சாவடியை மட்டும் நம்புவது விவேகமாகாது. ஆகவே, நிலுவையிலுள்ள சமூக உரிமை மனுக்களை அரசு தாமதமின்றிப் பைசல் செய்ய வேண்டும்.