குண்டு பழசு... மருந்து பழசாகுமா?

தஞ்சாவூர் பீரங்கி மேட்டுக்குப் போனவர்களில் பாதிப் பேர் ராஜகோபால பீரங்கியோடு செல்ஃபி எடுத்திருப்பீர்கள். ரகுநாத நாயக்கர் காலத்தில் இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து ஒட்டிய ராட்சசன் அது. எடை 20 டன்னுக்கு மேல். பீரங்கியை யாராலும் வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாது. குண்டைத் தூக்கலாம். வம்பே அங்குதான் ஆரம்பம்.

டெல்டா மண் பார்த்த சண்டைகள் கொஞ்சமா? 1749-ல் கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் தேவிக்கோட்டைச் சண்டை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டார். பாவம், வெடிமருந்து தீர்ந்துகொண்டே வந்தது. காரைக்கால் பக்கம் ஆங்கிலேயக் கப்பல்கள் என்ற செய்தியும் சேர, மூட்டை கட்டிவிட்டார்!

நாணயம், தபால்தலை போல பழைய தோட்டா, பீரங்கிக் குண்டு சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க உண்டு. தோட்டாவின் அடியில் பொறித்த எழுத்தை வைத்தே அதன் ஜாதகம் சொல்வார்கள். ‘கே.எஃப்.’ என்றிருந்தால் 1869-ல் புனே அருகே தொடங்கிய கிர்க்கி தொழிற்சாலை. வரலாற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் அந்த சுகம் புரிகிறது.

ஆனால், பீரங்கிக் குண்டில் இரண்டு ரகம். ஒன்று, முழுக்க இரும்பு. இன்னொன்று, உள்ளே கூடு. அதில் கருமருந்து, திரி வைக்க ஒரு துளை. துருவும் மண்ணும் அந்தத் துளையை மூடிவிட்டால் இரண்டும் பார்க்க ஒன்றுதான். 2008-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர் காலத்துக் குண்டை வீட்டில் சுத்தம் செய்துகொண்டிருந்த அனுபவசாலி சேகரிப்பாளர், அது வெடித்து இறந்துபோனார். குண்டுக்கு வயது 140-க்கு மேல்!

அவ்வளவு தூரம் ஏன்? 2018 ஜூனில் ராமேஸ்வரம் அருகே தங்கச்சிமடத்தில் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வந்தன.

சட்டம் என்ன சொல்கிறது? உயிருள்ள தோட்டா வைத்திருக்க, அது எவ்வளவு பழசானாலும், 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 2020-ல் அரிய பழங்காலத் துப்பாக்கிகளுக்குச் சலுகை தந்தபோதுகூட, லைசென்ஸில் பதியாமல் அவற்றுக்குத் தோட்டா விற்கக் கூடாது என்றே விதி வந்தது.

சேகரிப்பவரை ஆங்கிலத்தில் ‘கலெக்டர்’ என்பார்கள். நம் வயலில் பழம்பொருள் கிடைத்தாலும் தகவல் போக வேண்டியது கலெக்டருக்குத்தான். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே சொல்ல வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். உழும்போது உருண்டையாக ஏதாவது தட்டுப்பட்டால் தேய்க்காதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள், பைக்கில் எடுத்துப் போகாதீர்கள். தள்ளி நின்று 100-க்கு போன் போடுங்கள்.