ரெண்டு வரிதானேன்னு ஓகே போடற மகராசன்களுக்கு

"சின்ன பேட்ச்தான் பாஸ், சும்மா ஒரு ஓகே போட்டுடுங்க." கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு மக்களே. அதான் இந்தப் பதிவு.

2003 நவம்பர். லினக்ஸ் கெர்னல் மூலநிரலோட ஒரு நகல் இருந்த சர்வர்ல யாரோ புகுந்து ரெண்டே ரெண்டு வரி சேர்த்துட்டாங்க. பார்க்க ஏதோ பிழை சரிபார்க்கிற கோடு மாதிரிதான் இருக்கும். யூசர் ஐடி பூஜ்யமான்னு கேட்க == போடணும். அதுல = ஒண்ணே ஒண்ணு. அப்போ அது கேள்வி இல்லைங்க, கட்டளை. தந்திரம் தெரிஞ்சு கூப்பிடறவன் யாரா இருந்தாலும் ரூட்! நகல் அசலோட ஒத்துப்போகாததால மாட்டிச்சு.

"அதான் மாட்டிச்சே, அப்புறம் என்ன?"ங்கறீங்களா? அது சுவரேறிக் குதிச்சு வந்தது. வாசல் வழியா, ரிவ்யூ தாண்டி வர்றதை என்ன செய்வீங்க?

2009-ல வந்த 2.6.30 கெர்னலையே எடுத்துக்குங்க. விபிஎன் மாதிரி வேலைகளுக்கு உதவற டியூஎன் டிரைவர்ல ஒரு வரி சேர்ந்தது. எழுதினவர் கெட்ட எண்ணத்துல எழுதல. ஒரு பாயின்டருக்குள்ள கையை விட்டு எடுக்கிற வரி அது. அந்தப் பாயின்டர் நல்-ஆன்னு (பேருதான் நல்!) பார்க்கிற சோதனை அதுக்குக் கீழே இருந்தது. 'ஏற்கனவே கையை விட்டாச்சு, அப்போ நல்-ஆ இருக்க முடியாது'ன்னு ஜிசிசி கம்பைலர் அந்தச் சோதனையையே தூக்கிடுச்சு. மூலநிரல்ல சோதனை இருக்கு, ஓடற கெர்னல்ல இல்ல. சாதாரண யூசர் ரூட் ஆகற ஓட்டை. தீர்வு? அந்த வரியைச் சோதனைக்குக் கீழே இறக்கினாங்க. அவ்வளவுதான்.

கண்ணு ஆயிரம் இருந்தா தப்பு தப்பாதுன்னு பெருமை பேசறோம். கண்ணு இருந்து என்ன சாமி, பார்க்கணுமே? வரியை எண்ணறது ரிவ்யூ இல்ல. அந்த வரிக்கு மேல என்ன நடந்தது, கீழ யார் அதை நம்பியிருக்காங்க, பாதியில தோத்தா என்ன ஆகும்னு கேட்கிறதுதான் ரிவ்யூ. லினக்ஸ்ல 'ரிவ்யூட்-பை'ன்னு பேர் போடறது கல்யாண வீட்டு மொய் இல்ல. 'படிச்சேன், எனக்குத் தெரிஞ்சு இதைத் தடுக்கிற கோளாறு இல்ல'ங்கற வாக்கு.

நேரமில்லையா? 'நான் பார்க்கல'ன்னு சொல்லிடுங்க. அது கௌரவம். பார்க்காம ஓகே போடறதுதான் அசிங்கம்.

நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. ஒருதடவை ஒரு டிரைவர்ல ஒத்தை வரி மாற்றம். டீ குடிச்சுக்கிட்டே ஓகே போட்டேன். மெமரியை விடுவிச்சுட்டு மறுபடி அதையே தொடற வரி அது. வாடிக்கையாளர் இடத்துல மெஷின் படுத்துடுச்சு. மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினது எழுதின சின்னப் பையன். ஓகே போட்ட நான் பக்கத்துலயே கம்முனு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பையன் முகம் இன்னும் மறக்கல.

பி.கு: 'எங்க ஆபீஸ்ல இப்படியெல்லாம் இல்ல'ன்னு சொல்றவங்க, கடைசியா ஓகே போட்ட பேட்ச்ல என்ன இருந்ததுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. பார்ப்போம்.