கடைசியாகக் கை வைத்தவர் யார்?

போன மாதம் என் பழைய அலுவலக நண்பர் காரை விற்றுவிட்டார். பதினோரு வருடம் வைத்திருந்த பெட்ரோல் வண்டி. ஹெட் கேஸ்கட் மாற்ற ஒர்க்‌ஷாப்பில் விட்டார். திரும்பி வந்த அன்றே, சிக்னலில் நின்றால் வண்டி குளிர் ஜுரம் கண்டவன் மாதிரி நடுங்கியது. மறுபடி கொண்டுபோனார். பிளக் மாற்றினார்கள், நடுக்கம் போகவில்லை. காயில் மாற்றினார்கள், பிறகு பெட்ரோல் பம்ப். அதற்கும் போகவில்லை. கடைசியில், "எஞ்சினுக்கு வயசாயிடுச்சு சார், குடுத்துடுங்க" என்றார்கள். வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். மூன்று வாரம் கழித்து அதே வண்டியை மிஷன் வீதியில் பார்த்தேன். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்தான், படிக்கட்டும்.

முப்பத்து மூன்று வருடம் எழுத்தராக இருந்தவன் நான். அலுவலகத்தில் ஒரு பைல் காணாமல் போனால் என்ன செய்வோம்? புது அலமாரி வாங்குவோமா? நகர்வுப் பதிவேட்டைப் பிரித்து, கடைசிக் கையெழுத்து யாருடையது என்று பார்ப்போம். பத்தில் எட்டு முறை பைல் அந்த மேசையில்தான் கிடக்கும். காருக்கும் இதே கணக்குத்தான். நேற்று வரை ஒழுங்காக நின்ற வண்டி ரிப்பேருக்குப் பிறகு மிஸ்ஸிங் அடித்தால், முதல் சந்தேகம் ரிப்பேரின்போது கழற்றி மாட்டிய இடத்தின் மேல்தான் வர வேண்டும்.

ஹெட்டைக் கழற்ற என்னென்ன அவிழ்க்க வேண்டும் என்று பாருங்கள். காற்று போகும் மேனிஃபோல்டு, அதன் ரப்பர் ஓஸ்கள், காயில் கனெக்‌ஷன், இன்ஜெக்டர் கனெக்‌ஷன், எர்த் வயர், டைமிங் பெல்ட் அல்லது செயின். ஒரு கனெக்டர் 'டக்' என்று உட்காராவிட்டாலும், டைமிங் ஒரு பல் தள்ளி விழுந்தாலும் வண்டி உதறும். பழைய ஓஸ் வளைத்த இடத்தில் விண்டிருக்கலாம். அது மெக்கானிக் குற்றம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்ரோல் பம்ப்? அது பின்னால் டாங்குக்குள் இருக்கிறது. ஹெட் கழற்றினவர் அந்தப் பக்கமே போகவில்லையே ஐயா!

பிளக்குக்குப் பிரெஞ்சில் பூஜி என்று பெயர். மெழுகுவர்த்திக்கும் அதே சொல்தான். மெழுகுவர்த்தி படபடத்தால் நாம் ஜன்னலைச் சாத்துவோம். வேறு மெழுகுவர்த்தி வாங்க ஓட மாட்டோம். நண்பரின் பழைய பிளக்குகளைக் கழற்றினவர் அவற்றின் முனையைக்கூடப் பார்க்காமல் குப்பையில் போட்டிருக்கிறார். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. இலவசமாகக் கிடைத்த சாட்சியைத் தூக்கி எறிந்துவிட்டு காயிலுக்குப் பில் போட்டார்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. 1997-இல் பழைய மாருதி 800 ஒன்று வைத்திருந்தேன், கார்ப்ரேட்டர் வண்டி. ஹெட் இறக்கி வால்வு லேப்பிங் செய்து கொடுத்தார்கள். நின்றால் உதறும், ஓடினால் சரியாகிவிடும். என் மனைவியை ஜிப்மருக்குக் கூட்டிப்போன அன்று இந்திரா காந்தி சதுக்கத்தின் நடுவில் அணைந்தது. பின்னால் பஸ் ஆரன் அடிக்க, அவள் இறங்கித் தள்ளட்டுமா என்று கேட்டாள். ஒர்க்‌ஷாப்பில் "கார்ப்ரேட்டர் போச்சு, புதுசு போடணும்" என்றார்கள். என் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற பிட்டர் அண்ணன் ஒருவர் இருந்தார். மாலையில் கைலியோடு வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட குறடால் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார். ஒவ்வொரு முறையும் சத்தம் ஒரே அளவுக்கு இறங்கியது. "மூணு சிலிண்டரும் வேல செய்யுது சார். நெருப்புல குத்தமில்ல. நின்னா ஒதறுது, ஓடினா சரியாவுதுன்னா காத்து எங்கியோ திருட்டுத்தனமா போவுது" என்றார். ஐடிலிங்கில் எஞ்சின் குடிக்கும் காற்று கொஞ்சம். அதில் சிறிது கூடினாலும் கலவை கெட்டுவிடும். வேகத்தில் குடிக்கும் காற்று நிறைய. அங்கே அது தெரியாது. பிறகு ஒரு முழம் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை டாக்டர் மாதிரி நகர்த்திக்கொண்டே போனார். ஏர் கிளீனருக்கு அடியில் 'உஸ்' என்றது. பென்சில் தடிமனில் ஓர் ஓஸ், மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டினார், அவ்வளவுதான். காபி மட்டும் குடித்தார்.

"அதெல்லாம் கார்ப்ரேட்டர் காலம் மாமா, இப்ப ஸ்கேனர் இருக்கு" என்கிறான் என் அக்கா மகன். இருக்கட்டும். பி0302 என்று ஸ்கேனர் காட்டினால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்றுதான் பொருள். ஏன் என்று அது சொல்லாது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில், இரண்டாவது காயிலை ஒன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கலாமே. குற்றம் கூடவே நகர்ந்து பி0301 என்று வந்தால் காயில் கெட்டது. நகராவிட்டால் காயில் நிரபராதி. பத்து நிமிட வேலை, செலவில்லை. ஆனால் எஞ்சின் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். அதன் விலையைக் கேட்டால் நமக்கு மிஸ்ஸிங் அடிக்கும்.

திட்டுவது மெக்கானிக்கை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு மணி நேரம் குனிந்து பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கிறவனிடம் "சும்மா பார்த்ததுக்கா முன்னூறு?" என்று கேட்கிறோம். நாலாயிரம் ரூபாய் பார்ட்ஸுக்கு டப்பாவைக் காட்டினால் வாய் திறக்காமல் கொடுக்கிறோம். டப்பா கண்ணுக்குத் தெரிகிறது, மூளை தெரிவதில்லை. டப்பாவுக்குத்தான் காசு என்று நாமே பழக்கிவிட்டு, டப்பா டப்பாவாக மாற்றுகிறான் என்று புலம்பி என்ன பயன்?

சென்ற வாரம் என் வண்டி லேசாக உதறியது. இப்போது பார்க்கிற பையன் முக்கால் மணி நேரம் தேடி, ஓஸ் கிளிப் ஒன்றை இறுக்கினான். முன்னூற்றைம்பது கேட்டான். கொடுத்தேன். வீட்டில் மட்டும் இன்னும் சொல்லவில்லை.